மேல் வீட்டு சத்தமும் மூணரை மணி கிரைண்டரும்

கேள்வி: மேடம், நாங்க மேடவாக்கத்துல 12 வீடு இருக்கற ஒரு அபார்ட்மென்ட்ல மொத மாடில இருக்கோம், சொந்த ஃப்ளாட், லோன் ஓடிட்டிருக்கு. நானும் வீட்டுக்காரரும் காலைல டிஃபன் செஞ்சு ரெண்டு ஆபீஸுக்கும் ஒரு லேடீஸ் ஹாஸ்டலுக்கும் குடுக்கறோம். மூணரைக்கு எழுந்து வடைக்கு உளுந்து ஆட்டி, சட்னி அரைச்சு, ஆறு மணிக்கு வண்டில ஏத்தணும், அதனால ஒம்பது மணிக்கே படுத்துடுவோம். எட்டு மாசமா மேல் வீட்ல நாலு பேச்சிலர் பசங்க வாடகைக்கு இருக்காங்க. ஷிஃப்ட் முடிஞ்சு ராத்திரி ஒண்ணரைக்கு கேப்ல வந்து இறங்குவாங்க, அதுக்கப்பறம் தான் அவங்களுக்கு சாயங்காலமே. பாட்டு, தும் தும்னு ஒரு ஸ்பீக்கர், சக்கரம் வச்ச சேர் கடகடன்னு ஓடும், ஒரு பையன் கேம் ஆடிட்டே கத்துவான். பொண்ணுங்க வேற வந்து போறாங்க. ஒட்டடைக் குச்சியால சீலிங்க தட்டிப் பாத்தாச்சு. போன மாசம் இவரு ரெண்டு மணிக்கு மேல போய் கதவத் தட்டி சத்தம் போட, "எங்க வீட்ல நாங்க என்ன வேணா பண்ணுவோம் அங்கிள்"னு சொல்லிட்டாங்க. அசோசியேஷன் செகரட்டரி நீங்களே பேசி தீத்துக்கோங்கறாரு, ஓனர் ஓசூர்ல இருக்காரு. போன வாரம் தூக்கக் கலக்கத்துல வடைச் சட்டில கை பட்டு சுட்டுடுச்சு. போனை வச்சு டெசிபல் அளந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சிருக்கேன். போலீஸ்ல குடுக்கலாமா? அவங்கள காலி பண்ண வைக்க முடியுமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மேடவாக்கம்

பதில்: உங்கள அக்கான்னே கூப்பிடறேன். உங்க லெட்டர்ல கை சுட்டத ஒரே வரில எழுதிட்டு தாண்டிப் போயிட்டீங்க, எனக்கு அங்கயே நின்னு போச்சு. ஒம்பது மணிக்குப் படுத்து மூணரைக்கு எழுந்தா ஆறரை மணி நேரம், நடுவுல ஒண்ணரைலேர்ந்து அப்பப்ப முழிப்புன்னா உருப்படியா தூங்கறது நாலு நாலரை மணி நேரம் தான், அதோட தெனம் கொதிக்கற எண்ணெய் முன்னாடி போய் நிக்கறீங்க, அதுவும் எட்டு மாசமா. இத "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க"ன்னு யாராவது சொன்னா, செகரட்டரியோ சொந்தக்காரங்களோ யாரா இருந்தாலும் சரி, காதுல வாங்காதீங்க. நீங்க கேக்கறது சலுகை இல்ல.

சட்டம் என்ன சொல்லுதுன்னு மொதல்ல சொல்லிடறேன், அப்பறம் தான் என் கருத்து. ஒலி மாசு விதிகள்னு மத்திய அரசு 2000ல கொண்டு வந்தது இருக்கு, அதுல ராத்திரின்னா 10 மணிலேர்ந்து காலைல 6 மணி வரைக்கும். குடியிருப்புப் பகுதில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45. ரெண்டு பேர் பக்கத்துல உக்காந்து சாதாரணமா பேசினாலே 60 கிட்ட வரும், அப்ப 45ங்கறது எவ்வளவு அமைதின்னு பாத்துக்கோங்க. தனியார் இடத்துல வச்சிருக்கற சவுண்ட் சிஸ்டத்தோட சத்தம், அந்த இடத்தோட எல்லைல அளந்தா அந்த ஏரியா அளவுக்கு மேல 5 டெசிபல் தான் போகலாம், அதாவது ராத்திரில 50. புகார் குடுக்கணும்னா அளவ விட 10 டெசிபல் தாண்டியிருக்கணும்னு தான் முன்ன இருந்தது, 2010ல திருத்தம் பண்ணி, ராத்திரி நேரக் கட்டுப்பாட்ட மீறினாலே புகார் குடுக்கலாம்னு ஆக்கிட்டாங்க. அதனால "எங்க வீட்ல நாங்க என்ன வேணா பண்ணுவோம்"ங்கறது தப்பு. 2005ல சுப்ரீம் கோர்ட் இத தெளிவா சொல்லியிருக்கு, நிம்மதியா வாழறது அரசியல் சட்டம் 21வது பிரிவு தர்ற உரிமைக்குள்ளயே வருது, தன் சத்தத்த அடுத்தவங்க காதுல கட்டாயமா திணிக்க யாருக்கும் உரிமை இல்லன்னு. அந்த வழக்கு எதுலேர்ந்து ஆரம்பிச்சதுன்னு நெறைய பேருக்குத் தெரியாது, 13 வயசு பொண்ணு ஒருத்திக்கு கொடுமை நடக்கறப்ப அவ கத்தினது பக்கத்துல போட்ட ஒலிபெருக்கி பாட்டுல யாருக்குமே கேக்காம போச்சு. அதப் படிச்சதுலேர்ந்து சத்தம்ங்கறத சின்ன விஷயமா என்னால பாக்க முடியல.

இப்ப உங்க ஸ்க்ரீன்ஷாட்டுக்கு வரேன். அக்கா, அத நம்பி போகாதீங்க. நெறைய பேர் இதத்தான் பெரிய ஆதாரம்னு எடுத்துட்டு வராங்க, எனக்கு சொல்லவே கஷ்டமா இருக்கும். போன் மைக் பேச்ச பிடிக்கறதுக்காக செஞ்சது, சரிபாத்து சான்று வாங்கின மீட்டர் கிடையாது, ஒரே ரூம்ல ரெண்டு போன் ரெண்டு நம்பர் காட்டும். அதுவும் உங்க பிரச்சனை அந்த "தும் தும்", அது பேஸ் சத்தம். டெசிபல் கணக்குல ஏ வெயிட்டிங்னு ஒரு முறை இருக்கு, நம்ம காது எப்படி கேக்குதோ அதுக்கேத்த மாதிரி அடி சத்தத்த கொறச்சுத் தான் கணக்குல எடுக்கும், அதனால நெஞ்சுல இடிக்கற சத்தம் கூட மீட்டர்ல சாதுவா தெரியும். சேர் சக்கரம், கட்டில் இழுக்கறது இதெல்லாம் காத்துல வர்றது இல்ல, டைல்ஸ்ல விழற அதிர்ச்சி ஸ்லாப் வழியா எறங்கி உங்க சீலிங்கே ஸ்பீக்கரா மாறிடுது. நம்ம ஊர் ஃப்ளாட்ல மேல் வீட்டு தரைக்கும் கீழ் வீட்டு சீலிங்குக்கும் நடுவுல ஒரே கான்க்ரீட் பலகை தான், இதத் தடுக்க ஒண்ணுமே போடறது இல்ல. மேல இருக்கறவனுக்கு தன் சேர் இவ்வளவு சத்தம் போடுதுன்னு நெஜமாவே தெரியாது, அவன் காதுக்கு அது சத்தமே இல்ல.

டெசிபல் அளக்கற அந்த போன் ஆப்புக்குப் பதிலா ஒரு நாப்பது பக்க நோட்டு வாங்குங்க. தேதி, எத்தன மணிக்கு ஆரம்பிச்சது, எப்ப நின்னது, என்ன சத்தம், அன்னைக்கு நீங்க என்ன செஞ்சீங்க, அவ்வளவு தான். "ராட்சசனுங்க"ன்னெல்லாம் எழுத வேண்டாம். அமைதியா இருந்த ராத்திரியையும் எழுதுங்க, இது ரொம்ப முக்கியம், ஏன்னா 21 நாள்ல 9 நாள் சத்தம்னு எழுதின நோட்ட எல்லாரும் நம்புவாங்க, 21க்கு 21ன்னா நம்ப மாட்டாங்க. ஸ்டேஷன்லயும் சரி கோர்ட்லயும் சரி நான் பாத்த வரைக்கும், நாள் தவறாம எழுதின நோட்டுக்கு இருக்கற மரியாதை எந்த ஆப்புக்கும் கிடைக்கல.

அப்பறம் உங்க லெட்டர்ல ஒரு வரி, பொண்ணுங்க வந்து போறாங்கன்னு. அத அடிச்சிடுங்க. வாய்லயும் வேண்டாம் பேப்பர்லயும் வேண்டாம். அது சத்தம் இல்ல, அவங்க வீட்டுக்கு யார் வர்றாங்கங்கறது உங்க தூக்கத்துக்கு சம்பந்தம் இல்லாதது, அத நுழைச்ச நிமிஷமே நீங்க தூக்கம் கெட்டுப் போனவங்கங்கறது மறைஞ்சு பேச்சிலர்ஸ பிடிக்காதவங்கன்னு ஆயிடுவீங்க. பசங்களும் அதுக்கப்பறம் எதையும் கேக்க மாட்டாங்க.

இப்ப நான் சொல்லப் போறத கோவிச்சுக்காம கேளுங்க. உங்க லெட்டர்லயே இருக்கு, மூணரைக்கு எழுந்து உளுந்து ஆட்டறோம், சட்னி அரைக்கறோம்னு. ராத்திரின்னா காலைல 6 மணி வரைக்கும்னு விதி சொல்லுதுன்னு மேல எழுதினேன் இல்ல, அந்த மூணரை மணியும் அந்த ராத்திரிக்குள்ள தான் வருது. ஒண்ணரைக்கு வந்து சாப்ட்டு கேம் ஆடிட்டு மூணு மூணேகாலுக்குப் படுக்கற பையனுக்கு, கண்ண மூடின பத்தாவது நிமிஷம் கீழேர்ந்து கிரைண்டர் ஓட ஆரம்பிக்குது. தரைல வச்ச கிரைண்டரோட அதிர்வு சுவர் தூண் வழியா மேலயும் ஏறும். அவங்க உங்ககிட்ட வந்து கேக்கல, ஒருவேளை மனசுக்குள்ள திட்டிட்டு இருக்கலாம், ஒருவேளை அந்த "என்ன வேணா பண்ணுவோம்"ங்கறதே அந்தக் கோவத்துல வந்ததா இருக்கலாம். நீங்க வேணும்னு பண்ணல, பொழப்பு அது, எனக்குப் புரியுது. அவங்க ஷிஃப்டும் பொழப்பு தான். இதுல கெட்டவங்கன்னு யாரும் எனக்குத் தெரியல, ஒரே கட்டடத்துல ரெண்டு கடிகாரம் ஓடுது, அவ்வளவு தான்.

இத நான் உங்கள மடக்கறதுக்காக சொல்லல. நாளைக்கே நீங்க எழுத்துல போலீஸுக்குப் போனா, ரெண்டாவது நாள் அவங்களும் ஒரு பேப்பர் குடுப்பாங்க, கிரைண்டர் மட்டும் இல்ல, குடியிருப்புல வியாபாரம், சிலிண்டர், எண்ணெய்ப் புகைன்னு எல்லாம் அதுல வரும். உணவுப் பாதுகாப்பு பதிவு எடுத்திருக்கீங்களா? இல்லைன்னா மொதல்ல அத எடுங்க, மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. சைட்லயே பண்ணலாம், வீட்டுச் சமையல் வியாபாரத்துக்கும் அது வேணும். அம்பத்தூர் பக்கத்துலேர்ந்து ஒரு குடும்பம் இப்படித்தான் என்கிட்ட வந்தாங்க, மேல் வீட்டு பசங்க பந்து விளையாடற சத்தத்துல ஆரம்பிச்சு, ராத்திரில கதவத் தட்டி, கைகலப்பாகி, ரெண்டு பக்கமும் புகார், நாலு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தாங்க. அந்தப் பந்து விளையாடின பையன் நடுவுல காலேஜுக்கே போயிட்டான், கேஸ் முடியல.

ஆனா அந்த கிரைண்டர் தான் உங்க கைல இருக்கற பெரிய பலம். கேக்கறவங்களா மட்டும் போகாம குடுக்கறவங்களாவும் போகலாம்.

ஞாயித்துக்கிழமை, இல்ல அவங்க லீவ் நாள் எதுவோ அன்னைக்கு, பகல் பன்னெண்டு மணிக்கு மேல போங்க, அதுக்கு முன்னாடி எழுந்திருக்க மாட்டாங்க. அண்ணன் அன்னைக்கு சத்தம் போட்டவர், அதனால மொதல்ல நீங்க போங்க, தனியா போக ஒரு மாதிரி இருந்தா மூணாவது மாடில உங்களுக்குப் பழக்கமான அம்மா யாரையாவது கூட்டிட்டு போங்க. வெறுங்கையோட போகாதீங்க, உங்க கை வடைய ஒரு டப்பால எடுத்துட்டு போங்க, வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கற பசங்க அவங்க. "தம்பி, அன்னைக்கு இவர் ராத்திரில வந்து கத்தினது தப்பு தான்பா, தூக்கம் இல்லாத எரிச்சல்"னு ஆரம்பிங்க. அடுத்து உங்க நாள் எப்படின்னு சொல்லுங்க, ஒம்பதுக்குப் படுக்கறது, மூணரைக்கு எழறது, கைய காட்டுங்க. அப்பறம் நீங்களே கேளுங்க, "எங்க கிரைண்டர் சத்தம் உங்களுக்கு கேக்குதாப்பா?"னு. இந்த ஒரு கேள்விய நான் சொல்லிக் குடுத்து அனுப்பின ரெண்டு மூணு வீட்ல, மேல இருக்கறவங்க ஒரு நிமிஷம் பேச்சே இல்லாம நின்னுட்டு, "ஆமா ஆன்ட்டி, நாங்க சொல்லல"ன்னு உக்கார வச்சு பேசியிருக்காங்க. அவங்கள ஒரு தடவ கீழ கூட்டிட்டு வந்து, மேல ஒருத்தன சேர உருட்டச் சொல்லி கேக்க வையுங்க, ஆயிரம் வார்த்தை பேசறத விட அது போதும்.

பேரம்னா எதுக்கு எதுன்னு தெளிவா இருக்கணும். உங்க பக்கம்: உளுந்த மொத நாள் ராத்திரி எட்டு மணிக்கே ஆட்டி, உப்பு போடாம ஃப்ரிட்ஜ்ல வச்சிடலாம், காலைல உப்பு சேத்து கொஞ்சம் கையால அடிச்சுக்கிட்டா புளிக்காது, உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா என்ன. கிரைண்டருக்கு அடில கனமான ரப்பர் மேட் போடுங்க, சுவர ஒட்டி வைக்காதீங்க. சட்னிக்கு மிக்சி ஓட்டித் தான் ஆகணும்னா கடைசி வேலையா வச்சுக்கோங்க, அஞ்சு நிமிஷம், கிச்சன் கதவ மூடிட்டு. ஆறு மணிக்குள்ள முடிக்கணும்னா முழுசா தவிர்க்க முடியாதுன்னு அவங்ககிட்ட ஒத்துக்கோங்க, மறைக்காதீங்க. அவங்க பக்கம்: ராத்திரில ஸ்பீக்கர் இல்ல, ஹெட்செட் மட்டும், தும் தும்னு அடிக்கற அந்த சப்வூஃபர் ஸ்பீக்கர தரைலேர்ந்து எடுத்து ஃபோம் மேல வைக்கணும், சுவர் மூலைல இருந்தா நகத்தணும், மூலைல வச்சா பேஸ் இன்னும் ஏறும். சேருக்கு அடில ஒரு தடி மேட், மத்த நாற்காலிக்கு ரப்பர் புஷ், ஹார்டுவேர் கடைல கிடைக்கும், அத நீங்களே வாங்கிட்டு போய் குடுத்துட்டாலும் தப்பில்ல. கேம்ல கத்தற தம்பி எந்த ரூம்ல உக்காரறான்னு கேளுங்க, உங்க பெட்ரூமுக்கு நேர் மேலன்னா வேற ரூமுக்கு மாறச் சொல்லுங்க, இல்ல நீங்க தூங்கற ரூம மாத்திப் பாருங்க, அவங்க கிச்சனுக்குக் கீழ வர்ற ரூம் ஒண்ணு இருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு அங்க யாரும் ரொம்ப நேரம் இருக்க மாட்டாங்க.

பேசி முடிச்சு கீழ வந்ததும் வாட்ஸ்அப்ல நாலு வரி போடுங்க, "தம்பி, இன்னைக்கு பேசினதுக்கு தேங்க்ஸ், நாங்க ராத்திரி எட்டுக்குள்ள ஆட்டிடறோம், நீங்க ஒண்ணரைக்கு மேல ஸ்பீக்கர் போடாம பாத்துக்கறேன்னு சொன்னீங்க"ன்னு. அவங்க ஒரு "ஓகே ஆன்ட்டி" போட்டா கூட அது எழுத்து தான், நாளைக்குத் தேவைப்படும்.

மூணு வாரம் பாருங்க. ரெண்டு நாள் மறந்துட்டாங்கன்னா அதுக்காக சண்டைக்குப் போகாதீங்க, மறுநாள் மத்தியானம் ஒரு மெசேஜ். ராத்திரில சீலிங்க தட்டவே கூடாது, அண்ணன் மேல போகவே கூடாது, இதுல நான் ரொம்ப கறாரா இருக்கேன், நாலு பேர் இருக்கற வீட்டுக் கதவ ரெண்டு மணிக்கு ஒருத்தர் தனியா தட்டினா எது வேணா நடக்கும். அன்னைக்கு வார்த்தையோட போச்சு.

அதுக்கும் அசையலன்னா தான் பேப்பர். மொதல்ல அசோசியேஷனுக்கு எழுத்துல குடுங்க, வாய்ல சொன்னா "பேசி தீத்துக்கோங்க"ன்னு தான் வரும், கடிதம் வந்தா கூட்டத்துல வச்சே ஆகணும். முடிஞ்சா அந்தப் பக்கத்து வீடு, எதிர் வீடுன்னு இன்னும் ரெண்டு பேர் கையெழுத்து வாங்குங்க, ஏன்னா ஒரு வீட்டுத் தொல்லைக்கும் பொதுத் தொல்லைக்கும் சட்டத்துல வித்தியாசம் உண்டு. நம்ம மாதவரம் பக்கம் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனின்னு இருக்கு, அங்க ஒரு பிரார்த்தனைக் கூடத்துல ஒலிபெருக்கி சத்தம்னு குடியிருப்போர் சங்கமா சேந்து கேட்டாங்க, ஹைகோர்ட் போய் சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு, 2000ல தீர்ப்பு, அடுத்தவங்க அமைதியக் கெடுத்து வழிபாடு பண்ணணும்னு எந்த மதமும் சொல்லலைன்னு. சாமி கும்பிடற சத்தத்துக்கே அதுன்னா சப்வூஃபர் எம்மாத்திரம். ஆனா அங்க ஜெயிச்சது தனி வீடு இல்ல, சங்கம்.

அதே நேரத்துல ஓசூர் ஓனருக்கு ஒரு ஸ்பீட் போஸ்ட், நோட்டுலேர்ந்து தேதிகள எடுத்து. தமிழ்நாட்டுல 2017ல வந்த வாடகைச் சட்டப்படி, பொதுத் தொல்லை வர்ற மாதிரி வீட்ட யூஸ் பண்ணா, நிறுத்தச் சொல்லி ஓனர் நோட்டீஸ் குடுத்தும் கேக்கலன்னா, ரென்ட் கோர்ட்ல காலி பண்ணச் சொல்லி கேக்கலாம். கேக்க வேண்டியது ஓனர், நீங்க இல்ல. அதனால உங்க கேள்விக்கு நேரா பதில், அவங்கள நீங்க காலி பண்ண வைக்க முடியாது, ஓனர அசைய வைக்கலாம். மொத ஆயுதமா இத எடுக்காதீங்கன்னும் சொல்வேன், இந்த ஊர்ல நாலு பேச்சிலர் பசங்க வீடு தேடி அலையறது எப்படின்னு நான் பாத்திருக்கேன்.

போலீஸ் விஷயம். அடிதடி, குடிச்சிட்டு கலாட்டா, யாரோ உதவிக்குக் கத்தற மாதிரி கேட்டா, நோட்டு, வடை, வாட்ஸ்அப் எல்லாத்தையும் விட்டுட்டு உடனே 100க்கோ 112க்கோ போன் பண்ணுங்க. மத்தபடி சத்தத்துக்காக கூப்பிடறதா இருந்தா சத்தம் நடந்துட்டிருக்கும்போதே கூப்பிடுங்க, ரோந்து வண்டில வர்றவங்க காதுல விழணும், மறுநாள் காலைல போய் சொன்னா அவங்களால ஒண்ணும் பண்ண முடியாது. ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்தா புகார வாங்கிக்கிட்டதுக்கு அவங்க குடுக்கற சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்கிட்டு வாங்க, அது இல்லாம வெளிய வராதீங்க. பெரும்பாலும் இன்ஸ்பெக்டரோ எஸ்.ஐ.யோ கூப்பிட்டு எச்சரிச்சு எழுதி வாங்குவாங்க, அதுவே பல இடத்துல வேலை செய்யும். பெரிய தண்டனைன்னு எதிர்பாக்காதீங்க, 2024 ஜூலைலேர்ந்து இருக்கற புது தண்டனைச் சட்டத்துல 292வது பிரிவுப்படி பொதுத் தொல்லைக்கு அபராதம் அதிகபட்சம் ஆயிரம் ரூபா, முன்ன அது எரநூறு தான். நாலு பேர் ஆளுக்கு எரநூத்தம்பது போட்டு கட்டிட்டு வந்துடுவாங்க, உங்க தூக்கம் அங்கயே தான் இருக்கும். சிவில் கோர்ட்ல தடை உத்தரவு கேக்கலாம், அது கடைசி, அதுக்கு முன்னாடி மாவட்ட சட்டப் பணிகள் ஆணையத்துல ஒரு மனு குடுத்து ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு பேச வைக்கச் சொல்லலாம், பெண்களுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காம அங்க இலவச சட்ட உதவி உண்டு, வக்கீல் பீஸ்னு யோசிக்காதீங்க.

நோட்ட இன்னைக்கு ராத்திரிலேர்ந்து ஆரம்பிங்க, மேல போறதுக்கு முன்னாடி ஒரு வாரமாவது எழுதியிருக்கணும். அது வரைக்கும் வடைச் சட்டி பக்கம் நிக்கறத அண்ணன்கிட்ட விட்டுட்டு நீங்க பேக்கிங் பாருங்க. கைல சுட்ட இடத்துல கொப்புளம் உடைஞ்சிருந்தாலோ, சுத்தி சிவந்து வீங்கியிருந்தாலோ மாவு, பேஸ்ட்னு எதையும் தடவாம டாக்டர்கிட்ட காட்டிடுங்க, இந்த வாரமே.